வீட்டுக் கணக்கு

நம் நாடு விடுதலை பெற்ற ஆண்டு 1947. அவ்வாண்டு நவம்பர்த் திங்கள் 26-ஆம் நாள், விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் வரவு செலவுத் திட்டம் அவையோர் முன்னிலையில் படிக்கப்பட்டது. படித்தவர் அந்நாளில் நிதியமைச்சராக விளங்கிய ஆர். கே. சண்முகம் செட்டியார், கோவையைச் சேர்ந்த தமிழர். அன்று தொடங்கிய வழக்கம் இன்றும் தொடர்கின்றது. அரசுக்கு வரும் பொருள் எவ்வளவு, அது செல்லும் வழிகள் யாவை, கடனாகப் பெறுவது எவ்வளவு என்பனவெல்லாம் ஆண்டுதோறும் வெளிப்படையாகக் கூறப்படுகின்றன. அவை உறுப்பினர் வினவுகின்றனர்; செய்தித்தாள்கள் ஆராய்கின்றன; தேநீர்க் கடையில் அமர்ந்திருப்போரும் குறை நிறை கூறுகின்றனர். நாட்டின் கணக்கை அறிய நாட்டு மக்கள் அனைவருக்கும் உரிமை உண்டு என்பது குடியாட்சியின் அடிப்படைகளுள் ஒன்றாகும்.

ஆனால், நம் வீட்டின் கணக்கை அறிந்தவர் யார்? இவ்வினாவிற்குப் பல வீடுகளில் விடை கிடைப்பதில்லை. வருவாய் எவ்வளவு என்பதைத் தந்தையே அறிவார். அன்றாடச் செலவு எவ்வளவு என்பதைத் தாயே அறிவார். கடன் எவ்வளவு என்பதைக் கடன் கொடுத்தவர் மட்டுமே செம்மையாக அறிவார்! பிள்ளைகளோ எதனையும் அறியார். ஒரே கூரையின் கீழ் வாழ்ந்து, ஒரே அடுப்பில் சமைத்ததை உண்டும், ஒருவர் அறிந்ததை மற்றவர் அறியாமல் வாழ்கின்றனர். இந்நிலை மாறவேண்டும் என்பது என் கருத்து. வீட்டின் வரவு செலவுகளை நாள்தோறும் எழுதவேண்டும். எழுதியதைத் திங்களுக்கு ஒருமுறை வீட்டார் அனைவரும் கூடியிருந்து படிக்கவேண்டும். இல்லத்தை நன்கு நடத்துவதற்குக் கூறப்படும் நெறிகள் பல. அவற்றுள் இதனையே முதல் நெறியாகக் கொள்வேன். இதற்குக் காரணம் என் இளமையில் எங்கள் வீட்டில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சியாகும்.

என் தந்தையார் ஓர் அரிசி ஆலையில் கணக்கெழுதும் பணியில் இருந்தார். நெல் மூட்டை ஒன்று கூடினாலும் குறைந்தாலும் அவருடைய பேரேடு காட்டிக் கொடுத்துவிடும். ஒரு காசு பொருந்தவில்லை என்பதற்காக இரவு பத்து மணிவரை விளக்கின் அருகே அமர்ந்து கூட்டிப் பார்த்த நாள்கள் உண்டு. அத்தகைய அவர் எங்கள் வீட்டிற்கென ஒரு கணக்கேடும் வைத்திருக்கவில்லை. ஊராருக்குக் கணக்கெழுதும் வீட்டில் கணக்கெழுத ஏடில்லை!

1974-ஆம் ஆண்டு என் தமக்கையின் திருமணம் நடந்தது. அப்போது தந்தையாரின் ஊதியம் திங்களுக்கு 240 ரூபாய். ஊரார் மெச்சும்படி திருமணம் நடத்தவேண்டும் என்பது அவர் விருப்பம். நானூறு பேருக்கு விருந்து நடந்தது. செலவுக்காக, தாயாரின் எட்டுப் பவுன் நகையை ஒருவரிடம் அடகு வைத்து 2,000 ரூபாய் பெற்றார். வட்டி, நூற்றுக்குத் திங்களுக்கு மூன்று ரூபாய். ஓராண்டில் மீட்டுவிடலாம் என்று தாயாரிடம் கூறினார். ஓராண்டு கழிந்தது. “நகையை மீட்டுவிட்டேன். ஆலை முதலாளியின் இரும்புப் பெட்டியில் பாதுகாப்பாக இருக்கிறது” என்றார். தாயார் நம்பினார். நாங்களும் நம்பினோம்.

1977-ஆம் ஆண்டு ஒரு நாள் பிற்பகல் அஞ்சலில் ஒரு கடிதம் வந்தது. தந்தையார் வீட்டில் இல்லை. பள்ளியிலிருந்து திரும்பியிருந்த நான் அதைப் பிரித்துத் தாயாருக்குப் படித்துக் காட்டினேன். அசலும் வட்டியும் பதினைந்து நாள்களுக்குள் செலுத்தப்படாவிட்டால் நகைகள் ஏலத்தில் விற்கப்படும் என்று எழுதியிருந்தது. தாயார் என்னை மீண்டும் ஒருமுறை படிக்கச் சொன்னார். பிறகு கடிதத்தை வாங்கி மடித்து, அரிசிப் பானையின் மேல் வைத்துவிட்டு, அடுப்பு வேலையைத் தொடர்ந்தார். அன்று மாலை முழுதும் அவர் ஒரு சொல்லும் பேசவில்லை.

இரவு தந்தையார் வந்தார், கடிதத்தைக் கண்டார், தலை கவிழ்ந்து அமர்ந்தார். 2,000 ரூபாய்க்குத் திங்கள் வட்டி 60 ரூபாய். மூன்று ஆண்டுகளுக்கு 2,160 ரூபாய். வட்டி அசலைக் கடந்துவிட்டது. அதில் பாதியை அவர் செலுத்தியிருந்தார். மறு பாதி நிலுவையாக நின்றது. ஆக, 3,080 ரூபாய் கொடுக்கவேண்டும். எட்டுப் பவுனும் ஏறத்தாழ அவ்வளவுதான் பெறும். தாயார் சினந்து பேசவில்லை. “என்னிடம் ஒரு சொல் சொல்லியிருக்கக் கூடாதா? முதல் ஆண்டே ஒரு சங்கிலியை விற்றுக் கடனைத் தீர்த்திருப்பேனே. இத்தனை நாள் நீங்கள் ஒருவராகவே இதைச் சுமந்தீர்களே!” என்றார். மறுநாள் செய்தி அறிந்து வந்த தமக்கையோ, “நானூறு பேருக்கு விருந்து வேண்டும் என்று நான் கேட்டேனா, அப்பா?” என்று கூறி அழுதாள்.

அச்சொற்களை நான் இன்றும் எண்ணிப் பார்ப்பதுண்டு. என் தந்தையார் குடிப்பழக்கம் உள்ளவரல்லர், சூதாடியவரல்லர், வீண் செலவும் செய்யாதவர். வீட்டாரை வருத்தக் கூடாது என்னும் அன்பினாலேயே அவர் கடனை மறைத்தார். கடன் சிறிதாக இருந்தபோது சொல்ல வெட்கினார். அது பெரிதானபோது சொல்ல அஞ்சினார். மறைத்ததனால் கடன் வளர்ந்தது. வளர்ந்ததனால் மேலும் மறைத்தார். நல்லோர் வீட்டிலும் துன்பம் புகும் வழி இதுவே. புண்ணை மூடி வைத்தால் அது உள்ளே புரையோடுவது போல, மறைத்த கடனும் வீட்டிற்குள் புரையோடும்.

தாயார் ஐந்து பவுன் சங்கிலியை விற்றுவிடத் துணிந்தார். மீதி 1,100 ரூபாயை ஆலை உரிமையாளர் வட்டியில்லாமல் முன்பணமாகத் தந்தார். திங்களுக்கு 40 ரூபாய் ஊதியத்தில் பிடித்தம் செய்யப்பட்டது. இருபத்தெட்டாம் திங்களில் கடன் முற்றும் தீர்ந்தது. மூன்று பவுன் வளையல்கள் மட்டும் வீட்டிற்குத் திரும்பின. தாயார் செய்த முடிவு சரியானது என்பதைப் பிற்காலத்தில் நான் உணர்ந்தேன். பெட்டியில் உறங்கும் நகை வட்டி ஈட்டுவதில்லை. அடகுக் கடையில் உறங்கும் நகையோ நம்மிடமே வட்டி வாங்குகின்றது. மிகுந்த வட்டிக்குக் கடன் இருக்கும்போது, கையிலுள்ள பொருளை விற்றேனும் அதனை முதலில் தீர்ப்பதே அறிவுடைமை.

கடன் தீரத் தொடங்கிய அன்றே எங்கள் வீட்டில் ஒரு கணக்கேடு தோன்றியது. நாற்பது பக்கமுள்ள பள்ளிக் குறிப்பேடுதான் அது. அதை நூலில் கோத்துச் சமையலறைச் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்டார் தாயார். இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு. செலவுப் பக்கத்தின் முதல் வரியில் கடனுக்குச் செலுத்தும் தொகை. இரண்டாம் வரியில் சேமிப்பாக எடுத்து வைக்கும் ஐந்து ரூபாய். அவற்றின் கீழே உணவு, வாடகை, விளக்கு, படிப்பு, மருந்து, பிற என்னும் தலைப்புகள். செலவு செய்தவர் அன்றிரவே தம் கையால் எழுதவேண்டும். தந்தையார் வெற்றிலைக்குக் கொடுத்த காசையும் எழுதினார். நான் வாங்கிய எழுதுகோலையும் எழுதினேன். திங்களின் இறுதி ஞாயிறன்று நால்வரும் அமர்வோம். என் தம்பி உரக்கப் படிப்பான். தந்தையார் கூட்டுவார்.

இம்முறையில் கருதத்தக்க நுட்பம் ஒன்று உண்டு. செலவு போக மிஞ்சியதைச் சேமிப்போம் என்று எண்ணுவோருக்குப் பெரும்பாலும் ஒன்றும் மிஞ்சுவதில்லை. சேமிப்பை முதற்செலவாக எழுதிவிட்டால், எஞ்சியதைக் கொண்டு வாழ மனம் பழகிவிடும். தொகை சிறிதாயினும் கேடில்லை. அதுபோலவே சிறு செலவுகளையும் சிறியன என்று தள்ளக் கூடாது. நாள் ஒன்றுக்கு 20 ரூபாய் என்றால் அது சிறிதாகத் தோன்றும். ஆண்டுக் கணக்கில் அது 7,300 ரூபாய். அச்செலவு கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. 7,300 ரூபாய்க்கு ஏற்ற மகிழ்ச்சியை அது தருகின்றதா என்று ஆராய்ந்து முடிவு செய்யுங்கள் என்றே கூறுகின்றேன்.

பணத்தைப் போலவே நீரும் மின்சாரமும் நம் கண்ணுக்குத் தெரியாமல் கசிந்து செல்வன. சொட்டும் குழாயின் கீழ் 200 மில்லிலிட்டர் கொள்ளும் குவளை ஒன்றை வைத்துப் பாருங்கள். அது பத்து நிமிடத்தில் நிறைந்தால், ஒரு நாளில் வீணாகும் நீர் ஏறத்தாழ 29 லிட்டர். ஓராண்டில் பதினாயிரம் லிட்டருக்கும் மேல். அதனை நிறுத்தச் சில ரூபாய் மதிப்புள்ள ஒரு வளையம் போதும். இவ்வாறே, 75 வாட் ஆற்றலை உண்ணும் பழைய மின்விசிறி நாள்தோறும் பத்து மணி நேரம் சுழன்றால் முப்பது நாளில் 22.5 அலகு மின்சாரம் செலவாகும். 35 வாட்டில் சுழலும் புதிய வகை மின்விசிறிக்கு 10.5 அலகே போதும். ஆயிரம் வாட் ஒரு மணி நேரம் செலவானால் ஓர் அலகு என்னும் சிறிய கணக்கைப் பள்ளியில் கற்கின்றோம். கற்ற அதனை நம் வீட்டு மின்கட்டணச் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பவர் எத்தனை பேர்?

வட்டிக் கணக்கும் அத்தகையதே. நூற்றுக்கு மூன்று வட்டி என்று கேட்டால் குறைவாகத் தோன்றும். ஆனால் திங்களுக்கு மூன்று என்றால் ஆண்டுக்கு முப்பத்தாறு என்பதை மறக்கக் கூடாது. தவணை முறையில் பொருள் வாங்கும்போதும் ஏமாற்றம் உண்டு. 12,000 ரூபாய் கடனுக்கு ஆண்டு வட்டி நூற்றுக்குப் பன்னிரண்டு என்று கூறி, 1,440 ரூபாயைச் சேர்த்துத் திங்களுக்கு 1,120 ரூபாயாகப் பன்னிரண்டு தவணைகளில் வாங்குவர். உண்மையில் நாம் தவணைதோறும் அசலில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்து வருகின்றோம். ஆண்டு முழுவதும் நம் கையில் இருந்த கடனின் சராசரி 6,500 ரூபாயே. அத்தொகைக்கு 1,440 ரூபாய் வட்டி என்றால் அது நூற்றுக்கு இருபத்திரண்டு அளவிற்கு வந்துவிடும். கடுவட்டி வாங்குவதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டு தனிச் சட்டமே இயற்றப்பட்டது. எனினும், கையெழுத்திடுமுன் கணக்கிட்டுப் பார்க்கும் பழக்கம் சட்டத்தினும் முந்தி வந்து நம்மைக் காக்கும்.

சேமித்த பொருளை எங்கே வைப்பது என்பதிலும் விழிப்பு வேண்டும். 1906-ஆம் ஆண்டு அக்டோபரில் சென்னையில் ஆர்பத்நாட் என்னும் பெரிய நிறுவனம் நொடித்து வீழ்ந்தது. அதன் புகழை நம்பிப் பணம் போட்டிருந்த ஆயிரக்கணக்கானோர் தம் வாழ்நாள் சேமிப்பை இழந்தனர். அதன் தலைவர் சிறைத்தண்டனை பெற்றார். அவ்வழிவினால் விழிப்புற்ற சென்னைப் பெருமக்கள் 1907-இல் இந்தியன் வங்கியைத் தோற்றுவித்தனர். பின்னர் 1960-இல் கேரளத்தில் ஒரு வங்கி வீழ்ந்தபோது, மக்களின் வைப்புத்தொகைக்குக் காப்பு வேண்டும் என்னும் எண்ணம் வலுப்பெற்று, 1962-இல் வைப்புத்தொகைக் காப்பீடு நடைமுறைக்கு வந்தது. ஒரு வங்கியில் ஒருவருக்குக் கிடைக்கும் அக்காப்பின் வரம்பு 2020-இல் 5 இலட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஊரெங்கும் கிடைக்காத வட்டியை ஒருவர் தருவதாகக் கூறினால், அவர் தம் கணக்கைக் காட்டுகின்றாரா என்று பாருங்கள். கணக்கைக் காட்டாதவரிடம் நம் காசைக் காட்டலாகாது.

கணக்கேடு பணத்தை மட்டுமே காட்டும் என்று எண்ணியிருந்தோம். அது எங்கள் உடல்நலத்தையும் ஒருநாள் காட்டியது. கடன் தொடங்கிய ஐந்தாம் திங்கள் என்று நினைக்கின்றேன். வழக்கம்போல் தம்பி உரக்கப் படித்து வந்தான். பால் என்னும் இடத்தில் நிறுத்தினான். “அம்மா, நாம் நான்கு பேர். மூன்று குவளைப் பாலுக்குத்தானே கணக்கு இருக்கிறது?” என்று கேட்டான். தாயார் பேச்சை மாற்ற முயன்றார். தந்தையார் முந்தைய பக்கங்களைப் புரட்டினார். கடன் தவணை தொடங்கிய நாள்முதல் ஒரு குவளைப் பால் குறைந்திருந்தது. குறைந்தது எவர் குவளை என்பது எங்களுக்குப் புரிந்தது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று அவர் சில நாள்களாகக் கூறி வந்ததன் பொருளும் அப்போதுதான் விளங்கியது. மருத்துவர் பார்த்து, இரத்தக் குறைவு என்றார்.

தந்தையார் கடனை மறைத்தார். தாயார் பசியை மறைத்தார். இரண்டும் அன்பினால் நிகழ்ந்தவை. இரண்டும் தீங்காகவே முடிந்தன. இது எங்கள் வீட்டோடு ஒழிந்த கதையன்று. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், நம் நாட்டில் 15 முதல் 49 வரை அகவையுள்ள பெண்களுள் நூற்றுக்கு 57 பேர் இரத்தசோகை உடையவர் என்று தெரிய வந்தது. அனைவரும் உண்டபின் எஞ்சியதை உண்பது தாயின் சிறப்பு என்று போற்றுவதை நாம் நிறுத்தவேண்டும். முருங்கைக்கீரையும் கேழ்வரகும் பருப்பும் விலை மிகுந்தவை அல்ல. அவற்றோடு நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்ந்தால் இரும்புச் சத்து உடலில் நன்கு சேரும். உணவு உண்டவுடன் தேநீர் அருந்தினால் அது தடைப்படும். சிக்கனம் வேறு, கருமித்தனம் வேறு என்பர். யான் மேலும் ஒன்று கூறுவேன்: ஒருவர் தட்டில் மட்டும் கைவைக்கும் சிக்கனம் சிக்கனமாகாது. குறைப்பதாயின் எல்லாரும் அறிந்து, எல்லாரும் பகிர்ந்து குறைத்தல் வேண்டும்.

உண்மையான சிக்கனம் உடலை வளர்க்கும். காந்தியடிகள் இளமையில் இலண்டனில் சட்டம் பயின்றபோது செலவிட்ட ஒவ்வொரு சிறு காசையும் எழுதி வந்தார். வண்டிக்குக் கொடுக்கும் காசு மிகுதியாவதைக் கணக்கில் கண்டு, நாள்தோறும் நெடுந்தொலைவு நடக்கத் தொடங்கினார். காசும் மிஞ்சியது, உடலும் உறுதி பெற்றது. நோய் வருமுன் காப்பதற்கு ஆகும் செலவு மிகச் சிறிது. சோப்பிட்டுக் கை கழுவுதல், குடிநீரைக் கொதிக்க வைத்தல், உப்பை அளவோடு கொள்ளுதல் ஆகியவற்றிற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைந்த உப்பே தக்கது என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் அறிவுரை. வயிற்றுப்போக்கு நேரும்போது, கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் ஆறு தேக்கரண்டிச் சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் தலைதட்டி அளந்து கலந்து, சிறிது சிறிதாகப் பருகச் செய்யலாம். சோர்வு மிகுந்தால் காலம் தாழ்த்தாமல் மருத்துவரிடம் செல்லவேண்டும். இந்த எளிய கலவையின் ஆற்றலை, 1971-இல் மேற்கு வங்கத்து அகதி முகாமில் வாந்திபேதி பரவியபோது மருத்துவர் திலீப் மகலநாபிசு நடைமுறையில் காட்டினார். எண்ணற்ற உயிர்கள் பிழைத்தன.

எங்கள் ஏட்டில் மற்றொரு குறையையும் பின்னர்க் கண்டோம். தந்தையாரின் உழைப்பு வரவுப் பக்கத்தில் ஊதியமாக நின்றது. தாயாரின் உழைப்பு எந்தப் பக்கத்திலும் இல்லை. விடியுமுன் எழுந்து வாசல் தெளிப்பது முதல் இரவில் பாத்திரம் கவிழ்ப்பது வரை அவர் செய்தவற்றைக் கூலிக்கு ஆள் வைத்துச் செய்திருந்தால், 240 ரூபாய் போதியிராது. 2019-ஆம் ஆண்டு நம் அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிடங்களும், ஆண் 97 நிமிடங்களும் செலவிட்டனர். பணத்தைப் போலக் காலமும் ஒரு செல்வம். ஆதலின், வீட்டு வேலைகளையும் ஒருநாள் எழுதிப் பாருங்கள். எழுதினால் எவர் பங்கு மிகுதி என்பது தெரியும். தெரிந்தபின் பகிர்ந்துகொள்ளாதிருக்க மனம் ஒப்பாது. நானும் தம்பியும் நீர் இறைக்கவும் பாத்திரம் துலக்கவும் கற்றது அவ்வாறுதான்.

இக்கருத்தை மறுப்போரும் உளர். “விளையாடும் பருவத்துப் பிள்ளைகளிடம் கடன் கவலையைக் கூறலாமா?” என்று அவர்கள் கேட்பர். தக்க கேள்வியே. கடன்காரர் பேசிய கடுஞ்சொற்களையோ பெரியோரின் மனக்கலக்கத்தையோ பிள்ளைகள்மேல் சுமத்த வேண்டியதில்லை. ஆனால், வீட்டில் ஏதோ துன்பம் என்பதைப் பெற்றோரின் முகத்தைக் கொண்டே பிள்ளைகள் உணர்ந்துவிடுவர். துன்பம் இன்னதென்று அறியாதபோது அவர்கள் இல்லாத பேய்களையெல்லாம் கற்பனை செய்துகொள்வர். “இவ்வளவு கடன், இத்தனை திங்களில் தீரும், அதுவரை புத்தாடை இல்லை” என்று கூறிவிட்டால் அச்சம் நீங்கிப் பொறுப்பு பிறக்கும். நானும் தம்பியும் அந்த இருபத்தெட்டுத் திங்களையும் நாள்காட்டியில் அடித்து அடித்துக் கழித்தோம். அக்காலத்தை வறுமைக் காலமாக எங்களால் நினைக்க முடியவில்லை. நால்வரும் கூடி ஒரு கோட்டையை வென்ற காலமாகவே நினைவில் நிற்கின்றது.

கணக்குக் கேட்டால் வீட்டில் பூசல் வளரும் என்றும் சிலர் அஞ்சுவர். குற்றம் காண்பதற்கெனக் கணக்கைப் படித்தால் பூசல் வளரத்தான் செய்யும். எங்கள் வீட்டில் தாயார் ஒரு விதி வகுத்திருந்தார்: முடிந்த செலவைப் பற்றி எவரையும் இடித்துரைக்கக் கூடாது, வரும் திங்களில் செய்யத்தக்கதையே பேசவேண்டும். இவ்விதி இருந்தமையால் எவரும் பொய்க் கணக்கு எழுதவில்லை. உண்மையைச் சொன்னவரைத் தண்டிக்கும் வீட்டில் அடுத்த முறை உண்மை வெளிவராது.

இக்காலத்தில் இதன் தேவை பன்மடங்கு பெருகியுள்ளது. முன்பு பணம் கையை விட்டுப் போவதைக் கண் கண்டது. 2016-ஆம் ஆண்டில் யு.பி.ஐ. என்னும் முறை வந்தபின், கைப்பேசியை ஒருமுறை தொட்டாலே பணம் சென்றுவிடுகின்றது. வசதி பெரிது, ஆனால், செலவழித்த உணர்வு சிறிது. கைப்பேசி வழியாகவே நொடியில் கடன் தருவோரும் தோன்றியுள்ளனர். பணம் பெறுவதற்கு மறைச்சொல் எண்ணைப் பதிய வேண்டியதில்லை. பணம் கொடுப்பதற்கே அது வேண்டும். இச்சிறு செய்தியை அறியாமல் சேமிப்பை இழந்தோர் பலர். அவர்களுள் எத்தனையோ பேர் வெட்கத்தால் அதனை வீட்டில் கூறாமல் மறைக்கின்றனர். ஏமாந்தது தெரிந்த உடனே 1930 என்னும் எண்ணிற்குத் தொலைபேசியில் தெரிவித்தால் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்புண்டு. காலம் தாழ்ந்தால் வாய்ப்புக் குறையும். ஆண்டுகள் பல கழிந்தும், கருவிகள் பல மாறியும், மறைப்பினால் வரும் கேடு மட்டும் மாறவில்லை.

மாணவர்களே! வீட்டை ஆள்வது முதியோர் தொழில், நமக்கு அதில் வேலையில்லை என்று கருதிவிடாதீர்கள். கூட்டலும் கழித்தலும் வட்டியும் நீங்கள் அறிவீர்கள். ஒரு குறிப்பேட்டை எடுத்து, முதலில் உங்கள் சொந்தச் செலவை ஒரு திங்கள் எழுதுங்கள். பிறகு அதைப் பெற்றோரிடம் காட்டுங்கள். தம் பிழையை முதலில் காட்டும் பிள்ளையிடம் பெற்றோரும் மனம் திறப்பர். கேள்வி கேட்கும்போது அன்போடு கேளுங்கள். பதில் கிடைக்காவிட்டால் பொறுமையோடு காத்திருங்கள். எங்கள் வீட்டிலும் மூன்று ஆண்டு மௌனத்தைக் கலைக்க ஒரு கடிதம் வரவேண்டியிருந்தது. உங்கள் வீட்டில் அத்தகைய கடிதம் வருமுன்னரே பேச்சுத் தொடங்கட்டும்.

என் தந்தையார் மறைந்து பல ஆண்டுகள் ஆயின. அவர் ஆலையில் எழுதிய பேரேடுகள் எங்கே போயினவோ, அறியேன். சமையலறைச் சுவரில் தொங்கிய அந்த நாற்பது பக்க ஏடு மட்டும் என்னிடம் இருக்கின்றது. அதன் ஆறாம் பக்கத்தில், பால் என்னும் சொல்லுக்கு எதிரே மூன்று குவளை என்று தாயார் எழுதியதை அடித்துவிட்டு, நான்கு குவளை என்று தந்தையார் தம் அழகிய கையெழுத்தில் திருத்தியிருக்கின்றார். அவர் வாழ்நாளில் எழுதிய கணக்குகளுள் சிறந்தது அதுவே என்பேன்.